அம்மாவுக்குப் பதிலாக மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வியைச் சுருக்கித் தந்துவிடுகிறேன். கேட்டவர் காங்கேயம் பக்கத்துக்காரர். அவருடைய அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. பயாப்சியில் ஹெர்-2 பாசிட்டிவ், அதாவது புற்றுச் செல்களில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்துதான் ட்ராஸ்டுஸுமாப். கோவையில் பார்க்கும் டாக்டர், "ட்ராஸ்டுஸுமாப் மருந்தை ஒரு கம்பெனி புதிதாகத் தயாரித்திருக்கிறது. அதைப் பழையதோடு ஒப்பிடும் ஆய்வு இங்கே நடக்கிறது, சேர்ந்தால் மருந்தும் ஸ்கேனும் இலவசம்" என்று சொல்லி இருபது பக்கத்துக்கு மேல் ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார். மாமா, "சோதனை எலி ஆக்கிருவாங்க, கம்பெனிக்காரனுக்கு லாபம், நமக்கு என்ன?" என்கிறார். தங்கை, "காசுக்கு எங்கே போறது?" என்கிறார். பங்காளி வீட்டில் ஒருவர், "பேசாமல் கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் என்ன?" என்கிறார். அப்புறம் கடைசி வரியில், போகிற போக்கில்: "அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதுமா?"

ஆய்வு நல்லதா கெட்டதா என்று கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அந்தக் கடைசி வரியைத்தான். அதற்குப் பதில் சுலபம். போதாது, போடவும் கூடாது. அம்மா நினைவோடு இருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்வார் என்றால், அவருக்குப் பதிலாக மகனோ கணவரோ கையெழுத்திட்டு ஆய்வில் சேர்க்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. மயக்கத்தில் இருப்பவர், கடுமையான மனநோய் உள்ளவர், குழந்தை போன்ற, தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் இன்னொருவர் சம்மதிக்கலாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாலும் வழி உண்டு. ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுநேரமும் கூட இருந்து, எல்லாம் சரியாக விளக்கப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அப்போதும் கைநாட்டு அம்மாவுடையது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படித்தது பார்மசி. கோவையில் பல ஆண்டுகள் மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தேன். நோயாளிகளுக்குப் படிவத்தை விளக்குவதும் அவர்கள் வருகைகளைக் கவனிப்பதும்தான் வேலை. இப்போது ஒரு நெறிமுறைக் குழுவில், அதாவது எத்திக்ஸ் கமிட்டியில், உறுப்பினராக இருக்கிறேன். புற்றுநோய் டாக்டர் இல்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டையோ அந்தப் படிவத்தையோ பார்க்கவும் இல்லை. அதனால் சேருங்கள், சேராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

கையெழுத்து விஷயத்தில் சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2009-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. சில சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. தடுப்பூசியும் நல்ல தடுப்பூசிதான், உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்குத் தயங்காமல் போடலாம். ஆனால் சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, ஆந்திராவில் சரிபார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லை. 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் காப்பாளர்களில் யாரும் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். நீங்களும் அம்மாவுக்கு நல்லது நினைத்துத்தான் கேட்கிறீர்கள். ஆனாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளின் வரலாற்றிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1970-கள் வரை மார்பகத்தை முழுதாக எடுப்பதுதான் வைத்தியம் என்று அறுவை மருத்துவர்கள் உறுதியாக நம்பினார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் போதுமா என்று பார்க்க, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் 1976-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் சேர ஆள் வரவில்லை. எந்தச் சிகிச்சை என்று குலுக்கலில்தான் தீர்மானமாகும் என்று ஒரு பெண்ணிடம் சொல்லவே டாக்டர்கள் கூச்சப்பட்டார்கள். கடைசியில் முறையையே மாற்றினார்கள். முதலில் குலுக்கல், விழுந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய், 'உங்களுக்கு இது, சம்மதமா?' என்று கேட்பது. ஆள் சேர்க்கை மளமளவென்று ஏறியது. அந்த ஆய்வால்தான் இன்று உலகம் முழுக்க எத்தனையோ பெண்கள் மார்பகத்தை இழக்காமல் பிழைக்கிறார்கள். 1985-இல் வந்த முடிவு, 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் மாறவில்லை. ஆனாலும் குலுக்கிவிட்டுச் சம்மதம் கேட்ட அந்த வழி சரியா என்ற விவாதம் ஓயவில்லை. முடிவு நல்லதாக இருந்ததால் வழியும் சரியாகிவிடாது என்பது என் கட்சி.

இனி மாமாவின் 'சோதனை எலி'க்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பயோசிமிலர் ஆய்வு. காப்புரிமை முடிந்த ஓர் உயிரியல் மருந்தை வேறு கம்பெனி தயாரிக்கும்போது, அது பழைய மருந்துக்குச் சமமாக வேலை செய்கிறதா என்று காட்ட வேண்டும். அதற்கான ஆய்வு. வழக்கமாக இதில் இரண்டு பக்கமும் ட்ராஸ்டுஸுமாப் உண்டு, இரண்டு பக்கமும் கூடவே பாக்லிடாக்ஸெல் அல்லது டோசிடாக்ஸெல் கீமோ உண்டு. ஒரு பக்கம் பழைய கம்பெனி, மறுபக்கம் புதுக் கம்பெனி. வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவார்கள் என்ற பயம் இந்த வகை ஆய்வுக்குப் பொருந்தாது.

இந்த வழியில் வந்த மருந்துகள் இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சர்வசாதாரணம். பெங்களூரு பயோகான், மைலான் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய ட்ராஸ்டுஸுமாபுக்கு இதே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. பரவிய நோயுள்ள 500 பேர், பல நாடுகள், இந்தியப் பெண்களும் உண்டு. 24 வாரம் கழித்துப் பார்த்ததில், புது மருந்து பெற்றவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கும், பழையது பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கும் கட்டி கணிசமாகச் சுருங்கியிருந்தது. இரண்டும் சமம் என்பதற்கு முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் அந்த வித்தியாசம் அடங்கியது. 2017-இல் அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. உங்கள் அம்மாவுக்கு ஆய்வுக்கு வெளியே ட்ராஸ்டுஸுமாப் வாங்கினாலும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பயோசிமிலர்தான் கைக்கு வரும். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் புது மருந்தும் சமமாகத்தான் இருக்கும் என்று இதை வைத்து எழுதிக் கொடுக்க முடியாது. அது முன்பே தெரியும் என்றால் ஆய்வே தேவையில்லை.

யாருக்கு எந்தப் பக்கம் என்பது கம்ப்யூட்டர் குலுக்கலில் விழும். டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. இதை விளக்கும்போது தாராபுரம் பக்கத்து அம்மா ஒருவர், "ஏனுங்க, பூப் போட்டுப் பாக்கற மாதிரிங்களா?" என்று கேட்டார். அதைவிடச் சுலபமாக என்னால் விளக்க முடிந்ததில்லை. ஒரே வித்தியாசம், கோயிலில் வெள்ளையா சிவப்பா என்று பார்க்கும்போது விடை சாமிக்குத் தெரியும் என்று நம்பித்தான் பொட்டலத்தை எடுக்கிறோம். இங்கே விடை யாருக்குமே தெரியாததால்தான் பூவே போடுகிறோம். ஒரு பக்கம் நல்லது என்று டாக்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் குலுக்கிப் போடுவது தவறு. அவசரம் என்றால், எந்த மருந்து போகிறது என்று உடனே உடைத்துப் பார்க்கவும் ஏற்பாடு இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்படியானால் நான் எதற்குக் கவலைப்படுவேன்? இரண்டு விஷயம். முதலாவது, படிவத்தில் எழுதாமல் விட்டிருக்கக் கூடிய ஒரு மருந்து. பரவிய ஹெர்-2 புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக ட்ராஸ்டுஸுமாபோடு பெர்டுஸுமாப் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கிளியோபாட்ரா என்று பெயர், 808 நோயாளிகள். 2015-இல் வெளியான கணக்கின்படி, இரண்டும் கிடைத்தவர்கள் உயிரோடிருந்த காலம் இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 56.5 மாதம். ட்ராஸ்டுஸுமாப் மட்டும் கிடைத்தவர்களுக்கு 40.8 மாதம். புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். பயோசிமிலர் ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பெர்டுஸுமாப் கிடையாது, ஏனென்றால் அது கலந்தால் ட்ராஸ்டுஸுமாபைத் தனியாக ஒப்பிட முடியாது.

இதில் நெறிமுறைக் குழுக்களுக்குள்ளேயே சண்டை வரும். 'உலகில் சிறந்த சிகிச்சை இருக்கும்போது அதைக் கொடுக்காமல் ஆய்வு நடத்தலாமா?' என்பது ஒரு பக்கம். 'இந்தப் பெண்ணின் குடும்பத்தால் அதை எப்படியும் வாங்க முடியாது. ஆய்வு இல்லாவிட்டால் ட்ராஸ்டுஸுமாபே கிடைக்காது. ஆய்வால் அவருக்கு லாபம்தானே?' என்பது மறுபக்கம். இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. வாங்க முடியாதவர்கள் நிறைய இருக்கும் ஊராகப் பார்த்து ஆய்வைக் கொண்டுவந்தால், ஏழ்மையே ஆய்வுக்கு வசதியாகிவிடுகிறது. எங்கள் குழுவில் நான் இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். அப்புறம் டீ வரும், பேச்சு வேறு பக்கம் போகும்.

இது நமக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டின் ஓரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனை பங்கெடுத்து, 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. நர்சுகள் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எளிய பரிசோதனை. 49,311 பெண்கள் அந்தப் பக்கம். பரிசோதனை இல்லாத பக்கம் 30,958 பேர். பரிசோதனை செய்த பக்கம் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் முடிவு வெளியானது, ஏழை நாடுகளுக்கு ஒரு மலிவான வழி கிடைத்தது. ஆனால் அந்த 30,958 பேருக்கு ஏதாவது ஒரு பரிசோதனை கொடுத்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை இன்றுவரை கேட்கிறார்கள். அப்போது கிராமத்தில் எந்தப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லையே என்று நடத்தியவர்கள் பதில் சொல்கிறார்கள். இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் சொல்வேன்.

எனவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "ஆய்வில் சேராவிட்டால் அம்மாவுக்கு என்ன கொடுப்பீர்கள்? பெர்டுஸுமாப் கொடுப்பீர்களா? அதற்கு என்ன செலவு, இன்சூரன்ஸில் எவ்வளவு வரும்?" அவர் எரிச்சல்பட மாட்டார். பட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இரண்டாவது கவலை, ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பது. பரவிய நோயில் ட்ராஸ்டுஸுமாப் வேலை செய்யும்வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஆய்வின் முக்கியக் கணக்கு ஆறு மாதத்தில் முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு யார் மருந்து கொடுப்பது? ஆய்வு முடிந்தும் மருந்து கொடுக்க 2019 விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதை முழுதாகப் படிக்க வேண்டும். அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லாதபோதுதான் அது பொருந்தும். ட்ராஸ்டுஸுமாப் கடையில் கிடைக்கிறது, ஆகவே அந்தப் பிரிவு உங்கள் அம்மாவுக்கு உதவாது. கம்பெனி படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 'நோய் கூடும்வரை இலவசம்' என்று இருக்கிறதா, '24 வாரம்வரை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருபது பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் படிக்க முடியும் என்றால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

'சோதனை எலி' என்ற சொல்லை மாமா ஆய்வில் சேர்பவர்களுக்குப் பயன்படுத்துகிறார். 1990-களில் அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் அவரே யோசிப்பார். மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையைத் திரும்ப ஏற்றினால் மார்பகப் புற்றுநோய் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. ஆய்வு முடிவு வருவதற்கு முன்பே பல்லாயிரம் பெண்கள் அந்தச் சிகிச்சையை எடுத்தார்கள். இன்சூரன்ஸ் பணம் தராவிட்டால் வழக்குப் போட்டார்கள். 1993-இல் ஒரு வழக்கில் 8 கோடியே 90 லட்சம் டாலர் தீர்ப்பே வந்தது. குலுக்கல் ஆய்வில் சேர யாருக்கும் மனமில்லை, 'நல்ல மருந்து' இருக்கும்போது எதற்குக் குலுக்கல் என்று. 1999-இல் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. நான்கில் பயன் இல்லை. பயன் உண்டு என்று சொன்ன ஐந்தாவது தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா என்பவருடையது. மறு ஆண்டு தணிக்கைக்குப் போனவர்கள் அது மோசடி என்று கண்டுபிடித்தார்கள். ஆக, கணக்கில் வராமல், யாரும் கண்காணிக்காமல், சோதனை என்றே தெரியாமல் சோதிக்கப்பட்டவர்கள் ஆய்வுக்கு வெளியே இருந்த பெண்கள்தான். சிலர் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார்கள்.

அதற்காக ஆய்வில் சேர்ந்தால் நல்ல கவனிப்பு, நோய் நன்றாகக் குணமாகும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பவும் வேண்டாம். டாக்டர்களே இதைச் சொல்வதுண்டு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில், புற்றுநோய் ஆய்வுகள் பலவற்றை எடுத்து அலசியவர்கள், அதற்குப் போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். அடிக்கடி ஸ்கேனும் எக்கோவும் எடுப்பார்கள், ஒரு கோஆர்டினேட்டர் போனில் கூப்பிடுவார், அது நிஜம். ட்ராஸ்டுஸுமாப் சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால், ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எக்கோ தேவைதான்.

பங்காளி கேட்டதற்கும் ஓர் ஆய்வே பதில் சொல்கிறது. மும்பை டாடா மெமோரியலில் ராஜேந்திர பட்வே குழு, பரவிய நோயோடு வந்த 350 பெண்களைக் கீமோவுக்குப் பிறகு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மார்பகத்தில் அறுவையும் கதிர்வீச்சும் செய்தது. 2015-இல் வந்த முடிவு: அறுவை செய்தவர்கள் உயிரோடிருந்த காலம் இடைநிலையாக 19.2 மாதம், செய்யாதவர்களுக்கு 20.5 மாதம். அதாவது பயன் இல்லை. ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். அந்தப் பெண்களில் ஹெர்-2 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பணம் இல்லாததால் ட்ராஸ்டுஸுமாப் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் நடந்த ஆய்வும் ஆயுள் கூடவில்லை என்றுதான் சொன்னது, துருக்கியில் ஒன்று மட்டும் பயன் உண்டு என்றது. ஆகவே 'எல்லோருக்கும் வெட்டி எடு' என்பது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். 'யாருக்கும் வேண்டவே வேண்டாம்' என்று சொல்ல முடியாது. புண்ணாகி, ரத்தம் கசிந்தால் எடுக்க வேண்டி வரும். இதை அறுவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கம்பெனிக்கு லாபம் என்று மாமா சொல்வது சரி. ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்கும் ஆய்வு டாக்டருக்கும் பணம் வரும். அந்த ஒப்பந்தம் நெறிமுறைக் குழு முன் வைக்கப்பட வேண்டும். லாபம் வராத கேள்விகளை அரசுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அதே பட்வே குழு, ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிடோகெயின், அதாவது பல் டாக்டர் போடும் அதே மரப்பு ஊசியை, போட்டுப் பார்த்தது. 11 மருத்துவமனைகள், சுமார் 1,600 பெண்கள். ஐந்தாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82.6 சதவீதத்திலிருந்து 86.6 சதவீதமாக உயர்ந்ததாக 2023-இல் வெளியிட்டார்கள். சில ரூபாய் மருந்து. எந்தக் கம்பெனியும் இதற்குப் பணம் போடாது. ஒரே ஓர் ஆய்வு என்பதால் வெளிநாட்டவர் பலர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். உங்கள் அம்மாவின் கட்டத்துக்கு இது பொருந்தாது. மாமாவுக்காகச் சொன்னேன்.

சரி, அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் இது பெரிய சங்கடம். "சொன்னா உடைஞ்சு போயிருவாங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலான அம்மாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிப் பலகையில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று தமிழில் எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டிய பெண் படுத்திருக்கிறார், அவர் வாயைத் திறக்காமல் இருப்பாரா? மகன் வெளியே போனதும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்கறானுங்க. தெரிஞ்சா அவன் வருத்தப்படுவான்னு நானும் சும்மா இருக்கறேன்." இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து, இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

நீங்களே சொல்ல முடியாவிட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள், அவருக்கு அது வேலை. ஆனால் முதலில் அம்மாவிடமே, "உங்க உடம்பப் பத்தி டாக்டர் எல்லாத்தையும் சொல்லட்டுங்களா, இல்ல எங்ககிட்டச் சொன்னாப் போதுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கேட்க விரும்பாதவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. அப்படி அவர் சொல்லிவிட்டால் வழக்கமான சிகிச்சையைத் தொடரலாம். ஆய்வில் மட்டும் சேர்க்க முடியாது. என்ன நோய், ஆய்வு எதற்கு, சேராவிட்டால் என்ன கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற நான்கும் தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. சொல்லும்போது எத்தனை மாதம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். நான் மேலே தந்த மாதக் கணக்குகள் நூற்றுக்கணக்கான பேரின் நடுப்புள்ளி, உங்கள் அம்மாவின் ஆயுள் கணக்கல்ல. பேசும்போது மாமாவும் பெரியப்பாவும் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டாம். பத்துப் பேர் நடுவில் நம் ஊர் அம்மாக்கள் "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க" என்றுதான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் கோஆர்டினேட்டர்களும் இருக்கிறார்கள்.

அவர் சேர விரும்பினால் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்கலாம், அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்தானதும் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேட்டு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் பாருங்கள். 2009 ஜூன் முதல் ஆய்வுகள் அதில் பதிவாக வேண்டும் என்பது கட்டாயம். பயாப்சித் துண்டைப் பிற்கால ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளத் தனிச் சம்மதம் கேட்டால், அதற்கு மட்டும் மறுக்கலாம். மூன்று வாரத்துக்கொருமுறை கோவை வந்துபோகும் செலவைத் தருவார்களா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால், தேவைப்படும்வரை அல்லது அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும்வரை இலவச சிகிச்சை தர வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு உண்டு. 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்துக் கூட்டிக் குறைப்பார்கள். நோய் முற்றியவருக்குத் தொகை குறைவு. இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் உறுத்தும், ஆனால் விதி அப்படித்தான். நோயே கூடி இறந்தால் இழப்பீடு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தின் கடைசிப் பக்கங்களில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். குழுவின் தலைவர் அந்த ஆஸ்பத்திரிக்காரராக இருக்கக் கூடாது, உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளியாட்கள். டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை அந்த எண்ணில் சொல்லலாம். எங்களுக்கு யாரும் போன் செய்வதே இல்லை என்பதுதான் குறை.

அம்மா வேண்டாம் என்றால் டாக்டரிடம் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை. வழக்கமான சிகிச்சையை அவர் மறுக்க முடியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டருக்குப் போங்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, பயாப்சி ரிப்போர்ட், ஹெர்-2 ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு. ட்ராஸ்டுஸுமாப் எத்தனை டோஸுக்கு அனுமதி கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே முடியாது என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆய்வுக்கான காத்திருப்பில் கீமோ தொடங்குவது மட்டும் தள்ளிப்போகக் கூடாது. அம்மாவிடம் பேசுவதை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.